இரண்டு ஊருக்கு நடுவே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? விமானப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான டிக்கெட் போட்டுத் தரும் வேலையில் பல வருடங்கள் இருந்தேன். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் கட்டணத்துக்கு அடுத்தபடி அதிகம் கேட்டது தூரமும் நேரமும்தான். முதல் தடவை பறக்கப் போகும் பாட்டியும் கேட்பார், மாதம் இரண்டு தடவை பறக்கும் பொறியாளரும் கேட்பார். ஆள்தான் வேறு, சந்தேகம் ஒன்றேதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துக்கொண்டு பதில்களை எழுதியிருக்கிறேன். சுலபமானவை முதலில், யோசிக்க வைப்பவை பிறகு. முதலில் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. அதனால் நடுவிலிருந்து படிக்கத் தொடங்குபவர்கள் தேவைப்பட்டால் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமான தூரம்னா என்ன? ரோடு தூரத்தைவிட ஏன் இவ்வளவு குறைவா இருக்கு?

பூமியின் பரப்பின் மேல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வரையக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம்தான் விமான தூரம். சாலை மலையைச் சுற்றும், ஆற்றுப் பாலத்தைத் தேடிப் போகும், கடல் வந்தால் நின்றுவிடும். விமானத்துக்கு அந்தத் தடைகள் இல்லை.

வித்தியாசம் எவ்வளவு என்பது நிலத்தின் அமைப்பைப் பொறுத்தது. ஸ்டாக்ஹோமுக்கும் ஹெல்சிங்கிக்கும் நடுவே ஆகாயத்தில் சுமார் 400 கி.மீ.தான். இடையில் கடல் இருப்பதால், படகில் ஏறாமல் காரிலேயே போக வேண்டுமென்றால் வளைகுடாவை வடக்கே முழுதாகச் சுற்றி 1,700 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும். சமவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இவ்வளவு வித்தியாசம் வராது.

ஒரு வெப்சைட்ல 5,540 கி.மீ., இன்னொண்ணுல 5,570 கி.மீ. போட்டிருக்கு. எதை நம்புறது?

இரண்டையும் நம்பலாம், இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து அளந்தவை. இந்தக் கேள்வி லண்டன் - நியூயார்க் பற்றி வந்தது. நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளந்தால் சுமார் 5,570 கி.மீ. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கு அளந்தால் 5,540 முதல் 5,555 வரை வரும்.

நிலையங்களுக்கு நடுவே அளக்கும்போதே 15 கி.மீ. ஏன் முன்னே பின்னே போகிறது என்றால், பூமி சரியான உருண்டை இல்லை. நடுவே கொஞ்சம் பருத்து, துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருக்கிறது. மையத்திலிருந்து பூமத்திய ரேகைக்கு 6,378 கி.மீ., துருவத்துக்கு 6,357 கி.மீ. சில தளங்கள் பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துச் சுலபமான சூத்திரத்தில் கணக்குப் போடுகின்றன. சில தளங்கள் தட்டையையும் சேர்த்துக்கொள்கின்றன. இதனால் வரும் பிழை அதிகபட்சம் அரை சதவீதம், பயணிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நகர மையமா, விமான நிலையமா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். டோக்கியோவில் ஹனேடா நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 15 கி.மீ., நரிட்டா நிலையம் சுமார் 60 கி.மீ. வானத்தில் அது மூன்று நிமிட விஷயம். இறங்கிய பிறகு ரயிலில் அது ஒரு மணி நேரம்.

மைல்னு சொல்றாங்க, நாட்டிகல் மைல்னு சொல்றாங்க. எத்தனை வகை மைல் இருக்கு?

இந்த விஷயத்தில் இரண்டு. தரையில் பேசும் மைல் 1.609 கி.மீ. விமானிகளும் மாலுமிகளும் பேசும் நாட்டிகல் மைல், அதாவது கடல் மைல், 1.852 கி.மீ. பூமியின் அட்சரேகையில் ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் கிடைக்கும் நீளம் அது. மணிக்கு ஒரு கடல் மைல் என்றால் ஒரு நாட். மேலே சொன்ன லண்டன் - நியூயார்க் தூரம் சாதாரண மைலில் சுமார் 3,450, கடல் மைலில் கிட்டத்தட்ட 3,000. வெறும் 'மைல்' என்று எங்காவது பார்த்தால் எந்த மைல் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தூரம் தெரிஞ்சுடுச்சு. நேரத்தை நானே கணக்குப் போட முடியுமா?

முடியும். தூரத்தை 850 ஆல் வகுத்து, வரும் விடையோடு அரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். இன்றைய ஜெட் பயணிகள் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 830 முதல் 910 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு, ஓடுபாதைக்குப் போகவும் நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரம் இதற்கெல்லாம் சேர்த்து.

சிங்கப்பூரிலிருந்து டோக்கியோவுக்கு ஏறத்தாழ 5,350 கி.மீ. அதை 850 ஆல் வகுத்தால் 6.3. அரை மணியைக் கூட்டினால் 6.8, அதாவது 6 மணி 50 நிமிடம் போல. அட்டவணையில் 7 மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். காகிதமும் பேனாவும் இருந்தால் இந்த அளவுக்கு நெருங்கிவிடலாம். ஆனால் கிழக்கு மேற்காகப் போகும் நீண்ட பயணங்களில் இதோடு காற்றையும் சேர்க்க வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். விமானம் புரொப்பெல்லர் வைத்த ஏடிஆர் 72 போன்றதாக இருந்தால் 850-க்குப் பதில் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கு சின்ன தூரத்துக்கு ஒத்தே வரலையே?

வராது. சிங்கப்பூர் - கோலாலம்பூர் சுமார் 300 கி.மீ. கணக்குப்படி 50 நிமிடம் வருகிறது, டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். அவ்வளவு கிட்டத்தில் விமானம் முழு உயரத்துக்கும் முழு வேகத்துக்கும் போவதே இல்லை. ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். அதனால் 500 கி.மீ.க்குக் குறைந்த பயணத்துக்கு வகுத்தல் கணக்கே வேண்டாம், ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் கடைக்கோடி உதாரணம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் இருக்கிறது. வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு 2.7 கி.மீ.தான். உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை அது. சின்னஞ்சிறு விமானம் இரண்டு நிமிடத்துக்குள் போய் இறங்கிவிடும். காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 வினாடியில் முடிந்திருக்கிறது.

டிக்கெட்ல 7 மணி நேரம்னு இருக்கு, பைலட் மைக்ல 6 மணி 20 நிமிஷம்னு சொல்றார். யார் சொல்றது சரி?

இருவரும் சரி. டிக்கெட்டில் இருப்பதை இந்தத் தொழிலில் பிளாக் நேரம் என்போம். சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கும் கட்டையை எடுத்துவிட்டு விமானம் அசையும் கணத்தில் அது தொடங்குகிறது. போய்ச் சேர்ந்த ஊரில் வாசலருகே நின்று மறுபடி கட்டை வைக்கும்போது முடிகிறது. விமானி சொல்வது ஓடுபாதையை விட்டு எழுந்ததிலிருந்து ஓடுபாதையைத் தொடும் வரை.

நடுவில் இருக்கும் 40 நிமிடம் தரையிலேயே போகிறது. பின்னுக்குத் தள்ளுவது, எஞ்சினை இயக்குவது, ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது. பெரிய நிலையங்களில் இது அதிகம். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்தில் போல்டர்பான் என்ற ஓடுபாதை முனையத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கிறது. அதில் இறங்கினால் வாசலுக்கு வர கால் மணி நேரம் ஊர்ந்தே வர வேண்டும், வழியில் நெடுஞ்சாலைக்கு மேல் பாலத்தைக் கடந்துதான் விமானம் வரும். முதல் தடவை பார்ப்பவர்கள் சாலை மேலே விமானம் போகிறதே என்று பதறுவார்கள்.

அரை மணி நேரம் லேட்டாக் கிளம்பியும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டோம். வேகமா ஓட்டினாங்களா?

வேகம் கூட்டி மிச்சம் பிடிப்பது கொஞ்சம்தான், நீண்ட பயணத்தில் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. மீதி, அட்டவணை போடும்போதே உள்ளே வைத்திருக்கும் உபரி நேரம். அதே தடத்தில், அதே பருவத்தில், முன்பு எத்தனை நிமிடம் ஆனது என்று பார்த்து, பெரும்பாலான நாட்களில் தவறாமல் போய்ச் சேரும்படி ஒரு நேரத்தை அட்டவணையில் போடுகிறார்கள்.

இதை ஏமாற்று என்று சிலர் கோபப்படுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. லண்டன் ஹீத்ரோவில் இறங்க வரும் விமானங்கள் போவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின் என்ற நான்கு இடங்களுக்கு மேலே வட்டமடித்துக் காத்திருக்கும். ஒரு நாள் வட்டமே இருக்காது, ஒரு நாள் இருபது நிமிடம் சுற்ற வேண்டும். அந்த இருபது நிமிடத்தை முன்கூட்டியே டிக்கெட்டில் சொல்லிவிடுவது அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவருக்கு நல்லதுதானே.

மேப்ல ஸ்கேல் வச்சா கோடு நேரா கடல் மேல போகுது. விமானம் ஏன் வடக்கே வளைஞ்சு சுத்திப் போகுது?

நான் அதிகம் ரசித்துப் பதில் சொன்ன கேள்வி இது. என் மேசையில் ஒரு சின்ன உலக உருண்டையும் ஒரு துண்டு நூலும் எப்போதும் இருக்கும். நூலின் ஒரு முனையை மாட்ரிட் மேல் விரலால் அழுத்தச் சொல்வேன், மறு முனையை நியூயார்க் மேல். இரண்டு ஊரும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒரே அளவு தள்ளி, 40 பாகைக்குக் கொஞ்சம் மேலே இருக்கின்றன. தட்டையான படத்தில் ஒன்றுக்கு நேர் மேற்கே மற்றொன்று. இப்போது நூலை இறுக்கி இழுத்தால் அது தானாகவே வடக்கே நகரும். நடுவழியில் 46 பாகை வரை ஏறிவிட்டு மறுபடி இறங்கும். நூல் இறுகினால் குறுக்கு வழியில்தான் நிற்கும், எனவே அந்த வளைந்த பாதைதான் குறைந்த தூரம். நேர் மேற்காகவே போனால் சுமார் 5,940 கி.மீ., நூல் காட்டும் வழியில் 5,770 கி.மீ.

இந்தப் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியை மையம் வழியாக இரண்டாக வெட்டினால் பரப்பில் தெரியும் வட்டத்தின் ஒரு துண்டு அது. நாம் சுவரில் மாட்டும் படம் பெரும்பாலும் 1569-இல் மெர்கேட்டர் வரைந்த முறையில் இருக்கும். திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக் கப்பல் ஓட்ட வசதியாக வரைந்த முறை அது. துருவத்தை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். வளைந்திருப்பது படம்தான், விமானம் நேராகத்தான் போகிறது.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இதே வளைவு தலைகீழாக வரும். சிட்னியிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்குப் போகும் விமானம் அண்டார்டிகாவை நோக்கித் தெற்கே வளைந்து போகும்.

மேலே போகப் போக வட்டம் பெருசாகுமே. 11 கி.மீ. உயரத்துல பறந்தா தூரம் கூடாதா?

கூடும். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் கேட்ட கேள்வி இது, அவனை மறக்கவே மாட்டேன். பூமியின் ஆரம் 6,371 கி.மீ., அதோடு 11-ஐக் கூட்டுகிறோம். கூடுவது 0.17 சதவீதம். லண்டன் - நியூயார்க் பாதையில் அது 10 கி.மீ. கூட ஆகாது, அதாவது 40 வினாடிப் பறப்பு. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் மிச்சமாகும் எரிபொருளுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

போக 8 மணி நேரம், வர 6½ மணி நேரம். தூரம் ஒண்ணுதானே?

தூரம் ஒன்றுதான், காற்றுதான் வேறு. விமானத்தின் வேகம் என்று நாம் சொல்வது அது தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கிழித்துப் போகும் வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் விமானமும் கூடவே நகரும். ஓடும் ஆற்றில் படகு விடுவது போலத்தான்.

விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், 9 முதல் 12 கி.மீ. வரை, மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றாறு ஒன்று இருக்கிறது. அதுதான் ஜெட் ஸ்ட்ரீம். துருவத்தின் குளிர்க்காற்றும் வெப்பமண்டலத்தின் சூட்டுக்காற்றும் சந்திக்கும் எல்லையில் அது பிறக்கிறது. மணிக்கு 200 கி.மீ. சாதாரணம், சில நாள் 300-ஐயும் தாண்டும். 1920-களில் ஜப்பானின் வசாபுரோ ஓய்ஷி தட்டேனோ ஆய்வு நிலையத்திலிருந்து பலூன்களை மேலே விட்டுவிட்டு அவை போகும் வேகத்தை அளந்து இதைக் கண்டுபிடித்தார். உலகத்துக்கே புரியட்டும் என்று 1926-இல், உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெரான்டோவில் அறிக்கை எழுதினார். அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் 1944-இன் இறுதியில் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு தடுமாறின.

அட்லாண்டிக்கின் மேல் இன்றைக்கும் தினமும் காற்றைப் பார்த்துத்தான் பாதை போடுகிறார்கள். கனடாவின் கேண்டர், அயர்லாந்து - பிரிட்டன் பக்கத்து ஷான்விக் ஆகிய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையங்கள் கிழக்கே போகிறவர்களுக்குக் காற்றோடு ஒரு கட்டுத் தடங்களும், மேற்கே போகிறவர்களுக்குக் காற்றைத் தவிர்த்து ஒரு கட்டுத் தடங்களும் வெளியிடும். நேற்றுப் போன பாதையில் இன்று போக மாட்டார்கள். வடக்கு தெற்காகப் போனால், அல்லது பூமத்திய ரேகையை ஒட்டிப் போனால், போக வர இவ்வளவு வித்தியாசம் இருக்காது.

அது காத்தால இல்லீங்க, பூமி சுத்துறதாலன்னு என் தம்பி சொல்றானே?

தம்பி சொல்வதில் பாதி உண்மை. பூமி கிழக்கே சுழல்கிறது, எனவே கிழக்கே இருக்கும் ஊர் விலகி ஓடும் என்று பார்த்தால், அவர் சொல்கிறபடி கிழக்கே போகத்தான் அதிக நேரம் ஆக வேண்டும். நடப்பது நேர்மாறு. பூமத்திய ரேகையில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. கூடவே காற்றும், அதில் பறக்கும் விமானமும், உள்ளே தேநீர் குடிக்கும் நீங்களும் சுழல்கிறீர்கள். ஓடும் ரயிலுக்குள் குதித்தால் அதே இடத்தில்தானே விழுகிறோம்.

பாதி உண்மை என்றேனே, அது இது: வடக்கு நோக்கிப் போகும் காற்றைப் பூமியின் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதற்கு அதுதான் காரணம்.

போகும்போது காத்து எடுத்துக்கிட்ட நேரத்தை வரும்போது திருப்பிக் கொடுத்துடும்ல?

முழுதாகக் கொடுக்காது. 5,400 கி.மீ. தூரம், விமானத்தின் வேகம் 900 என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாத நாளில் போக 6, வர 6, மொத்தம் 12 மணி நேரம். இப்போது மணிக்கு 100 கி.மீ. காற்று. எதிர்த்துப் போகும்போது வேகம் 800, ஆவது 6 மணி 45 நிமிடம். காற்றோடு வரும்போது வேகம் 1,000, ஆவது 5 மணி 24 நிமிடம். கூட்டினால் 12 மணி 9 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், சாதகக் காற்றில் சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறோம். அந்த 9 நிமிடம் போனது போனதுதான்.

சீட்டுக்கு முன்னாடி இருக்கிற திரையில 1,150 கி.மீ. வேகம்னு காட்டுச்சு. ஒலியைவிட வேகமாப் போனோமா?

இல்லை. திரை காட்டுவது தரையோடு ஒப்பிட்ட வேகம், அதில் காற்றின் தள்ளுதலும் சேர்ந்திருக்கிறது. ஒலியின் வேகத்தைச் சுற்றியுள்ள காற்றோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த உயரத்துக் குளிரில், ஏறத்தாழ மைனஸ் 56 பாகையில், ஒலி மணிக்கு 1,060 கி.மீ. போல ஓடும். உங்கள் விமானம் காற்றில் போனது 900. மீதி ஜெட் ஸ்ட்ரீம் கொடுத்தது.

2020 பிப்ரவரியில் ஒரு பெரும் புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரை வேகம் 1,300-ஐத் தாண்டியது, அப்போதும் அது ஒலியை முந்தவில்லை. உண்மையில் முந்திய பயணிகள் விமானம் என்றால் கான்கார்டைச் சொல்ல வேண்டும். அதே தடத்தை 1996 பிப்ரவரி 7 அன்று 2 மணி 52 நிமிடம் 59 வினாடியில் கடந்தது.

அப்ப ஏன் இன்னும் வேகமான விமானம் வரலை? எங்க அப்பா காலத்துலயும் இதே நேரம்தானாமே?

அப்பா சொல்வது சரி. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று ஏறுகிறது. இன்றைய பெரிய விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் நிற்பது அதனால்தான். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டர் வேகத்துக்கும் எரிபொருள் கொட்டும். கான்கார்டு 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றியது, சுமார் நூறு பேருக்குத்தான் இடம், ஒலியை முந்தும்போது எழும் பெரும் முழக்கத்தால் நிலத்தின் மேல் வேகமாகப் பறக்க முடியாது. இந்த ஐம்பது ஆண்டுகளில் பொறியாளர்கள் உழைத்தது எரிபொருளைக் குறைக்கத்தான். நம்மைப் போன்றவர்களும் டிக்கெட் வாங்க முடிவது அந்த உழைப்பால்தான், அதனால் எனக்கு இதில் வருத்தம் இல்லை.

சாயந்திரம் 5 மணிக்குக் கிளம்பி, அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குமாம். டிக்கெட் தப்பா?

தப்பில்லை. டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரமும் அந்தந்த ஊரின் கடிகார நேரம். டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பறக்கும் நேரம் சுமார் 10 மணி. மாலை 5-க்குக் கிளம்பினால் டோக்கியோ கடிகாரத்தில் மறுநாள் அதிகாலை 3-க்கு இறங்குவீர்கள். கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் 16 மணி நேரம் பின்னால் இருக்கிறது. 3-லிருந்து 16-ஐக் கழித்தால் முந்தைய நாள் காலை 11. நடுவில் சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். எந்தப் பயணத்திலும் பறக்கும் நேரம் தெரிய வேண்டுமென்றால், முதலில் இறங்கும் நேரத்தைக் கிளம்பிய ஊரின் கடிகாரத்துக்கு மாற்றுங்கள், பிறகு அதிலிருந்து கிளம்பிய நேரத்தைக் கழியுங்கள்.

எதிர்த்திசையில் நாள் ஒன்று கூடும். டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் '+1' என்று இருக்கும். அதைக் கவனிக்காமல் மகளை அழைத்துவர ஒரு நாள் முன்னதாகவே விமான நிலையத்துக்குப் போய் இரவெல்லாம் காத்திருந்த ஒருவர் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார். அன்றிலிருந்து யாருக்கு டிக்கெட் கொடுத்தாலும் அந்த +1-ஐச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத்தான் கொடுப்பேன். பசிபிக்கில் சமோவாவின் அப்பியாவிலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கு அரை மணி நேரப் பறப்புதான். இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒரே மணி காட்டும், தேதி மட்டும் ஒரு நாள் வேறு. இன்று கிளம்பினால் நேற்று போய் இறங்கலாம்.

நேரடி விமானம்னுதான் டிக்கெட் போட்டேன். நடுவுல ஒரு ஊர்ல இறங்கி ஒரு மணி நேரம் நின்னுச்சே?

தொழில் வழக்கில் நேரடி விமானம் என்றால் விமான எண் மாறாது என்று மட்டுமே பொருள். வழியில் இறங்கி ஏறலாம். நிற்காமல் போவதற்கு நான்-ஸ்டாப் என்று பெயர். பதிவு செய்யும்போது 'ஸ்டாப்' என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை இறங்கி ஏறினால், தரையில் நிற்கும் நேரம் போக, இறங்கவும் ஏறவும் மட்டுமே அரை மணிக்கு மேல் கூடும்.

நூல் காட்டுற பாதை இருக்கும்போது சில விமானம் ஊரைச் சுத்திப் போறது ஏன்?

நூலுக்குத் தெரியாதவை நிறைய இருக்கின்றன. முதலாவது அரசியல். 2022-இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்ஏர் விமானங்களுக்கு அதன்பின் 13 மணி நேரம் ஆகிறது. பனிப்போர்க் காலத்திலும் இதே கதைதான். 1957-இல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் கோபன்ஹேகனிலிருந்து டோக்கியோவுக்கு வட துருவப் பக்கமாக, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கிப் போகும் சேவையைத் தொடங்கியது.

இரண்டாவது மலை. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். பயணிகளின் முகமூடியில் பிராணவாயு கால் மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே சுமார் 4,500 மீட்டர், அதாவது 14,700 அடி. இறங்க இடம் இல்லை, அதனால் பெரும்பாலான தடங்கள் அதை ஒதுக்கிப் போகின்றன.

மூன்றாவது எஞ்சின். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால், மற்றதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு நிலையத்துக்குப் போய்ச் சேர முடிய வேண்டும். அமெரிக்க விதியில் ஒரு காலத்தில் இது 60 நிமிடம். 1985-இல் 120, 1988-இல் 180 ஆனது. இன்று ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. எஞ்சின்கள் நம்பகமாக ஆக ஆக, பாதையும் நூலை நெருங்கி வந்திருக்கிறது.

உலகத்துல எந்த ரெண்டு ஊருக்கு நடுவுல அதிக தூரம்? நிக்காமப் போக முடியுமா?

பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அதனால் எந்த இரண்டு ஊருக்கும் நடுவே 20,000-க்கு மேல் இருக்கவே முடியாது. மாட்ரிட்டும் நியூசிலாந்தின் வெலிங்டனும் உருண்டையில் ஏறக்குறைய நேர் எதிர்ப்புறம், அந்த எல்லையை ஒட்டி வரும். அவ்வளவு தூரம் நிற்காமல் போகும் பயணிகள் சேவை இல்லை.

இப்போது ஓடும் மிக நீண்ட சேவை சிங்கப்பூர் - நியூயார்க், ஏறத்தாழ 15,300 கி.மீ., சுமார் பதினெட்டரை மணி நேரம். அடுத்து நினைவுக்கு வருவது 2018 மார்ச்சில் தொடங்கிய பெர்த் - லண்டன், 14,500 கி.மீ. இவ்வளவு தூரத்தில் பெரிய சிக்கல் எரிபொருளின் எடை. பெரிய விமானம் மணிக்கு ஆறேழு டன் எரிக்கும். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் மணியிலிருந்தே சுமக்க வேண்டும், அதைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தத் தடத்தில் விடும் ஏ350-இல் மொத்தம் 161 இருக்கைகள்தான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது.

என் விமானம் சுத்திச் சுத்திப் போச்சு. இழப்பீடோ மைல் புள்ளியோ அந்தக் கூடுதல் தூரத்துக்கும் சேர்த்துக் கிடைக்குமா?

கிடைக்காது. அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனங்கள் கொடுக்கும் மைல் புள்ளி தூரத்தை வைத்து வரும் திட்டங்களில், எடுத்துக்கொள்வது இரண்டு நிலையங்களுக்கு நடுவே நூல் காட்டும் தூரம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் விதியும் தாமத இழப்பீட்டுக்கு 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்று படி வைத்து, அந்தத் தூரத்தைப் பெருவட்டப் பாதையிலேயே அளக்கச் சொல்கிறது. ஒரே பதிவில் வழியில் விமானம் மாறியிருந்தாலும் முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் நடுவே உள்ள தூரம்தான் கணக்கு என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விண்ணப்பிக்கும் முன் இரண்டு நிலையங்களின் பெயரையும் ஏதாவது ஒரு தூரக் கணிப்பானில் கொடுத்து, 1,490 வருகிறதா 1,510 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.